ஹார்ட் அட்டாக் வந்தவர் நடக்கலாமா?

'ஹார்ட் அட்டாக்' வந்து வீடு திரும்பியவரை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம்? "நீங்க அசையவே கூடாது. தண்ணி வேணும்னா ஒரு குரல் குடுங்க" என்று கட்டிலோடு கட்டிப்போடுகிறோம். பாசம்தான். ஆனால் இதயத்துக்கு அது உதவாது.

அந்தக் காலத்தில் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1952-ல் அமெரிக்காவில் லெவின், லௌன் என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கெடுதல் இல்லை என்று எழுதினார்கள். அதன்பிறகே எண்ணம் மாறத் தொடங்கியது.

இதயத் துடிப்பைப் பரிவு நரம்பு விரட்டும். எதிர்ப்பரிவு நரம்பான 'வேகஸ்' அடக்கும். மாரடைப்புக்குப் பின் விரட்டுவது ஓங்கி, அடக்குவது தளர்ந்துவிடுகிறது. துடிப்பு தாறுமாறாகும் அபாயத்துக்கு இதுவும் ஒரு காரணம். நாங்கள் நாடியில் பார்க்கும் வாத, பித்த ஏற்றத்தாழ்வு இதுவேதான் என்று சொல்ல எனக்கு ஆசைதான்; ஆனால் அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

வேகஸைத் தூண்டினால் அழற்சி தணிவதை 2000-ல் கெவின் ட்ரேசி குழுவினர் எலிகளிடம் காட்டினார்கள். செத்துப்போன இதயத் தசையைக் கழித்துத் தழும்பாக்க முதலில் அழற்சி வேண்டும். அது அடங்காமல் நீடித்தால்தான் வம்பு. தினமும் நடப்பவருக்கு வேகஸின் பிடி மெல்ல வலுக்கிறது. உழைக்கும் தசையும் அழற்சியைத் தணிக்கும் பொருள்களை ரத்தத்தில் விடுகிறது.

யோகா? நம் நாட்டில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 பேரை வைத்துச் செய்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-ல் வெளிவந்தது. மறு அட்டாக்கோ மரணமோ குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவது கூடியது. அது சின்ன லாபமா என்ன?

டாக்டர் சரி சொன்னபிறகு, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். பிறகு நம் புதுச்சேரி பீச் ரோடு இருக்கவே இருக்கிறது. சமதளம், மாலையில் வண்டித் தொல்லையும் கிடையாது. மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி அதிகம் ஏறாது. அதனால் நாடியை எண்ணி ஏமாறாதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம். சித்த வைத்தியனே சொல்கிறேன், "நடக்கிறேனே" என்று ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தவே கூடாது. நடக்கையில் நெஞ்சு இறுக்கமோ, குப்பென்று வியர்வையோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.