சிசேரியன் பிள்ளைக்கு நல்ல கிருமி சேருமா?

கேள்வி: மருமகளுக்கு இங்கே சிசேரியன். பேரனுக்கு நல்ல கிருமிகள் சேராதாம். பக்கத்து வீட்டம்மா ஜன்மகுட்டி (பச்சிளங்குழந்தைக்குத் தரும் வடநாட்டு மூலிகை மருந்து) கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு பாட்டி, மயூர் விகார், தில்லி)

பதில்: வேண்டாம் அம்மா. ஜன்மகுட்டியும் வேண்டாம், நம் ஊரில் பிறந்ததும் நாக்கில் வைக்கும் சேனையும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. ஒரு சொட்டுத் தேன்கூடக் கூடாது.

சுகப்பிரசவத்தில் தாயிடமிருந்து வரும் சில பாக்டீரியாக்கள் சிசேரியன் குழந்தைக்குத் தாமதமாகச் சேர்வது உண்மைதான். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது தாய்ப்பால். அதிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைப் பிள்ளையால் செரிக்கவே முடியாது. பிறகு எதற்கு அது? குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியா தின்று பெருகத்தான்! குழந்தைக்கும் அதன் வயிற்றில் குடியிருக்கும் கிருமிக்கும் சேர்த்தே தாய் ஊட்டுகிறாள். இன்றும் என்னை நெகிழவைக்கும் ஏற்பாடு இது.

ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், நல்ல கிருமி கொடுக்கப்பட்டவர்களிடம் ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 40 விழுக்காடு குறைந்தன (2017). அதற்காகக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கிவிடாதீர்கள். நல்ல கிருமிகளையும் அழித்துவிடும் என்பதால், ஆன்டிபயாடிக்கும் மருத்துவர் எழுதினால் மட்டும்.

பால் சரியாகச் சுரக்கவில்லையென்றால் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு மருமகளை அழைத்துப் போங்கள். அங்குள்ள தாய்ப்பால் வங்கியில் பாலூட்டல் ஆலோசனையும் உண்டு.