முடியலங்காரமும் வேலைவாய்ப்பும்: புதுவையை முன்வைத்து ஒரு நோக்கு

தோற்றத்தைக் கண்டு ஆளை எடைபோடுதல் மாந்தரிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் பழக்கமாகும். அத்தோற்றத்துள்ளும் முதலில் கண்ணிற் படுவது தலைமுடியே. இன்றைய இளைஞர்களை நோக்கின், இருபக்கமும் ஒட்ட மழித்து உச்சியில் மட்டும் அடர்ந்து நிற்கும் ‘பாக்ஸ் கட்டிங்’, காதோரத்தில் கத்தியால் இழுத்த கோடு, செம்பட்டையாய் ஏற்றிய சாயம், பின்கழுத்தில் முடிந்த கொண்டை எனப் பலவகைக் கோலங்களைக் காண்கிறோம். ‘இந்தத் தலையோடு போனால் எவன் வேலை கொடுப்பான்?’ என்னும் பெற்றோர் குரல் முல்லா வீதி தொடங்கி முத்தியால்பேட்டை வரை கேட்கிறது. அக்கேள்வி வெறும் கண்டிப்பா, உலகியல் உண்மையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் நடத்திய வளாகத் தேர்வில் நாம் உடனிருந்தோம். எழுத்துத் தேர்வில் முன்வரிசையில் நின்ற மாணவர் ஒருவர், தோளைத் தொடும் முடியைப் பின்னால் கட்டியிருந்தார். நேர்காணலில் பாடத்தைப் பற்றி அவரிடம் ஒரு வினா. முடியைப் பற்றி மூன்று வினா. மாலையில் ஒட்டப்பெற்ற பட்டியலில் அவர் பெயர் இல்லை. முடிதான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. வேறு காரணமும் சொல்லப்படவில்லை. கூலிவேலை செய்து படிக்கவைத்த தந்தையிடம் அவர் என்ன சொன்னாரோ, கேட்க நமக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வாரம் அவர் முடியை வெட்டிக்கொண்டு வந்தார். போன வேலை போனதுதான். அந்தச் சொல்லப்படாத காரணமே நம்மை இப்பொருள் பற்றி எண்ணத் தூண்டிற்று.

வழக்கமான முடி என்று நாம் இன்று கருதும் ‘கிராப்பு’, ஒரு காலத்தில் வழக்கத்துக்கு மாறானதாகவே இருந்தது. குடுமியும் தலைப்பாகையுமே மதிப்புக்குரிய இந்து ஆடவரின் அடையாளங்களாய் விளங்கிய நாள்களில், கிராப்பு வைத்தவன் குலம் கெட்டவன் எனப் பழிக்கப்பட்டான். கணிதமேதை இராமானுஜன் 1914-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறும் முன் சென்னையில் அவருடைய குடுமி கத்தரிக்கப்பட்டது. அவர் அதற்காகப் பெரிதும் வருந்தினார். கல்வியும் பணியும் தேடிச் சென்றவர் விலையாகக் கொடுத்தது, அன்று எல்லாரும் ‘ஒழுங்கான முடி’ என்று போற்றிய ஒன்றையே என்பது நோக்கத்தக்கது. இன்று நேர்காணலுக்குக் குடுமியோடு செல்பவரைத் தேர்வாளர் வியப்போடு பார்ப்பார். முடி அதுவேதான், பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

தோற்றத்திற்கும் தொழிலுக்கும் இடையே எழுந்த வழக்குகளுள் தலையாயது நம் புதுவையிலேயே நிகழ்ந்தது. அது தலையைப் பற்றியதன்று, காலைப் பற்றியது என்பதால் அதனை ஒதுக்கிவிடுதல் ஆகாது. பிரெஞ்சு ஆட்சியில் இந்திய வழக்கறிஞர்கள் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துள் நிற்றல் ஆகாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் புகுந்தார். நீதிபதி அதனைக் குற்றமெனக் கொண்டார். அவருடைய சட்ட அறிவைப் பற்றியோ, வாதத்திறனைப் பற்றியோ எவருக்கும் ஐயமில்லை; தோல்வார் இட்ட கால்களே அவர் பிழைப்புக்குத் தடையாய் நின்றன. அவர் பாரிசு நகரத்து உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வழக்காடி வென்றார். பின்னர், 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை இந்தியர் தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தபோது, அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்று லாப்போர்த் என்னும் குடும்பப் பெயரை அவர் ஏற்றார்.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. நீதிபதி தம் தடையை வெளிப்படையாகச் சொன்னார். ஆதலின் அதனைக் கடல்கடந்தும் எதிர்க்க முடிந்தது. நாம் கண்ட மாணவருக்கோ எதிர்ப்பதற்கு ஒரு வரிகூடக் கிட்டவில்லை.

அதே பாரிசு நீதிமன்றம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து முடியைப் பற்றியே ஒரு தீர்ப்பு வழங்கியது. ஏர் பிரான்ஸ் விமானப் பணியாளர் ஒருவர் தம் முடியை ஆப்பிரிக்க முறையில் பின்னிக் கொண்டையிட்டு வந்தார். ஆடவர்க்கு அப்பின்னல் ஆகாதென நிறுவனம் மறுத்ததால், அவர் பொய்முடி அணிந்து பணியாற்ற நேர்ந்தது. பெண் பணியாளருக்கோ அதே பின்னல் அனுமதிக்கப்பட்டிருந்தது. பெண்ணுக்கு ஏற்றது ஆணுக்கு ஏலாது எனல் பாகுபாடே என 2022 நவம்பர் 23-ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ முடிவு வேறாயிற்று. அலபாமா மாநிலத்தில் 2010-ஆம் ஆண்டு ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை, சடைத்திரிகளை வெட்ட மறுத்ததால் பறிபோயிற்று. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குத் துணைநிற்கவில்லை. 2019-இல் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய மறுப்பைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் முடியலங்காரத்துக்கெனத் தனிச்சட்டம் ஏதுமில்லை. எனவே தனியார் நிறுவனத்தின் கதவருகே நிற்கும் நம் பிள்ளைக்குச் சட்டத்தின் துணை மிகக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

எல்லா விதியும் வெறுங்கண்ணின் விருப்பன்று. தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளில் கடைசல் எந்திரத்தின்முன் நிற்பவன் முடியை அவிழ்த்துவிட்டு நிற்றல் உயிருக்கே கேடு. சுழலும் தண்டு முடியைப் பற்றினால் தலையையும் இழுத்துவிடும். உணவு ஆலையில் வலைத்தொப்பி வேண்டும். நச்சுக்காற்றைத் தடுக்கும் இறுக்கமான முகமூடி, தாடிமேல் சரியாகப் பொருந்தாது. இவை வேலையின் தேவைகள். இவற்றோடு வாதிடுதல் வீண். ஆனால் கணிப்பொறி முன் அமர்ந்து கணக்கெழுதுபவனின் கொண்டை எந்தக் கணக்கைக் கெடுக்கும்? கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளிலும் உணவகங்களிலும் முடிந்த கொண்டையும் சாயமிட்ட முடியும் எவரையும் உறுத்துவதில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள வங்கியிலோ அதுவே குறையாகிறது.

சீருடைப் பணியின் நிலை வேறு. செந்நிறக் கெப்பித் தொப்பியைப் பிரெஞ்சுக் காலத்திலிருந்து காத்துவரும் புதுவைக் காவலர்க்கு, ஒருமைத் தோற்றமே பணியின் ஒரு பகுதி. ஆயினும் ஒருமையை வலிந்து திணிப்பதன் விளைவை வேலூர் காட்டிற்று. காதணி, நெற்றிக்குறி, தாடி ஆகியவற்றை விலக்கியும் புதிய தலைப்பாகையைப் புகுத்தியும் பிறந்த ஆணைகள், இந்து முஸ்லிம் சிப்பாய்களை ஒருசேரப் புண்படுத்தின; 1806 ஜூலை 10-ஆம் நாள் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. நம் காலத்தில், தாடி வைத்ததற்காக விமானப்படையினின்று நீக்கப்பட்ட முஸ்லிம் வீரரின் முறையீட்டை 2016 டிசம்பர் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை; மதம் முடிவெட்டுவதையோ மழிப்பதையோ விலக்கியிருந்தால் மட்டுமே படைவிதி இடந்தரும் என்றது. 2024-ஆம் ஆண்டு மதுரைக் கிளையிலோ, தாடிக்காகத் தண்டிக்கப்பட்ட காவலர் ஒருவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. முஸ்லிம் காவலர் சீரான தாடி வைக்கலாம் என்னும் 1957-ஆம் ஆண்டு ஆணையே அவருக்குக் கைகொடுத்தது. ஏட்டில் கிடந்த பழைய வரி ஒன்று ஒருவருக்குத் துணைநின்றது என்பது மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். தலையின் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அதனை மார்க்க நெறியாகவே எடுத்துரைத்தல் முறை. அதைவிடுத்து, ‘வேலை கிடைக்காது’ என அச்சுறுத்தினால், அதே முடியோடு வேலை பெற்ற அண்டைவீட்டுப் பிள்ளையைச் சுட்டிக்காட்டி இளைஞன் நகைப்பான். நெறியின் காரணம் வேறு, பிழைப்பின் காரணம் வேறு. வகுப்பறையில் பலர்முன் மாணவனைப் பிடித்து நிறுத்தி முடியைக் கத்தரிக்கும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கட்டும். அம்மாணவன் அன்று கற்பது ஒழுங்கன்று, அவமானமே.

எனினும், வேலையில்லா வீட்டின் பிள்ளை நேர்காணல் நாளில் முடியைக் குறைத்துக்கொள்வதை நாம் கோழைத்தனம் எனக் கூறமாட்டோம். முடி மூன்று திங்களில் வளரும். அந்த வீட்டுக்கு மூன்று திங்கள் ஊதியம் பெரிது. நாம் கல்லூரியிடம் வேண்டுவது வேறொன்று. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனம் மதிப்பெண் தகுதியை எழுதி அனுப்புகிறது; தோற்றம் பற்றிய விதி ஏதேனும் இருப்பின் அதனையும் அவ்வாறே எழுதி அனுப்பக் கேட்கலாம். அத்தாளை அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் முன்னதாக ஒட்டினால், எந்தத் தேர்வுக்கு எந்தத் தலையோடு செல்வது என்பதை மாணவர் தாமே முடிவுசெய்துகொள்வர். விதி ஏதும் அனுப்பாத நிறுவனத்தார் நேர்காணலில் முடியைப் பற்றி வினவும்போது, உடன் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அது எந்த விதியின்படி என்று கேட்கவும் இயலும்.