சம்பள நாளும் சாமைப் பாக்கெட்டும்

கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றும் கதிரடித்தாலே மணி தனியாக வந்துவிடும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி அப்படி இல்லை. உமி ஒவ்வொரு மணியையும் கெட்டியாகப் பிடித்திருக்கும். இயந்திரத்தில் போட்டுத்தான் நீக்க வேண்டும். அதில் எடை குறையும், குருணையும் கழியும். கடையில் சாமை அரிசி கேழ்வரகைவிட ஏகத்துக்கும் விலை கூடி நிற்பதற்கு இந்த உமி ஒரு முக்கியக் காரணம். சத்துக்குக் கொடுக்கும் காசு என்று நினைத்து, ஒரு பகுதியை மில் கூலிக்குத்தான் கொடுக்கிறோம்.

மறைமலைநகர் தொழிற்பேட்டையிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் பலர், சம்பளம் விழுந்த வாரம் ‘இனி ஹெல்தியா சாப்பிடணும்’ என்று கிளம்பி முதலில் தூக்குவது அந்த அரைக்கிலோ சாமைப் பாக்கெட்டைத்தான். கூடவே ஒரு ராகி பிஸ்கட், ஒரு பாட்டில் தேன். இருபதாம் தேதிக்கு மேல் மறுபடி புரோட்டா. பட்ஜெட் உடைவது இயற்கை விளைபொருளால் அல்ல, எல்லாவற்றையும் ஒரே கடையில் ‘ஆர்கானிக்’ என்ற ஒரே முத்திரையோடு வாங்கப் பார்ப்பதால்.

ஆகவே கேழ்வரகிலும் கம்பிலும் தொடங்குங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்துக்குப் பக்கத்தில்தான். மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து, பக்கத்து மாவு மில்லில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளலாம். கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதல். அரைத்த மாவு சில வாரங்களிலேயே கசந்துபோகும். கடை அலமாரியில் மாதக்கணக்காக நிற்கும் கம்பு மாவுப் பாக்கெட்டை நான் தொடுவதே இல்லை.

ராகி பிஸ்கட் விஷயத்தில் ஒரு நிமிட வேலை இருக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா, இரண்டாவது சர்க்கரை, ராகி எங்கோ கடைசியில் என்றால், நீங்கள் வாங்குவது நிறம் மாறிய மைதா பிஸ்கட். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். அதற்கு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போடுவதில் ஆரோக்கியமும் இல்லை, சிக்கனமும் இல்லை.

இனி முத்திரைக்கு வருவோம். ‘நேச்சுரல்’, ‘பாரம்பரியம்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்று அச்சடித்திருப்பது இயற்கை விவசாயத்துக்குச் சான்று ஆகாது. ‘ஆர்கானிக்’ என்று சொல்லிப் பாக்கெட்டில் விற்றால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி சான்று வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ சின்னம் அதற்கான அடையாளமாக அப்போது வந்தது. சான்றில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏற்றுமதிக்காக உருவான என்பிஓபி. இதில் ஆய்வு நிறுவனம் வந்து சோதிக்கும், செலவும் அதிகம். மற்றது பிஜிஎஸ், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது, செலவு குறைவு. பிஜிஎஸ் பொருள் மட்டமானது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அதில் ‘கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்; முழு ஆர்கானிக் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதற்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்? கத்திரிக்காய், வெண்டைக்காய், காலிஃபிளவர், பச்சை மிளகாய், கறிவேப்பிலை: புழு, பூச்சித் தொல்லையால் அடிக்கடி மருந்து அடிக்கப்படுபவை. தெரிந்த விவசாயியிடம் இவை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனை, தேங்காய் இவற்றுக்கு ஆர்கானிக் விலை கொடுப்பது என் கணக்கில் வீண். கறிவேப்பிலைக்குப் பால்கனியில் ஒரு தொட்டி போதும்.

வழியில் உழவர் சந்தை இருந்தால் நைட் ஷிப்ட்காரர்களுக்கு ஒரு யோகம்: வேலை முடிந்து வரும் நேரத்தில் கீரை அப்போதுதான் இறங்கியிருக்கும். 1999-இல் மதுரையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் அன்றன்றைய விலையை அதிகாரிகள் பலகையில் எழுதிவிடுவார்கள், இடைத்தரகர் இல்லை. அங்கே விற்பதெல்லாம் இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

செக்கு எண்ணெயில் ஏமாறாமலிருக்கக் கொஞ்சம் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பருப்புக்கு மட்டுமே 350. ஆட்டுக் கூலியும் சேரும், புண்ணாக்கு விற்றால் கொஞ்சம் திரும்பும். அதே ஊரில் ஒருவர் ‘சுத்தமான மரச்செக்கு எண்ணெய்’ லிட்டர் 220-க்குத் தருகிறார் என்றால் அவர் தர்மம் செய்யவில்லை. மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர் ரூமில் இருந்தால், அறுவடை சமயத்தில் கடலையாக வாங்கிவரச் சொல்லி, பருப்பைக் கண்ணெதிரே ஆட்டி வாங்குவதே நல்லது.

பெரிய மிச்சம் அரிசியில் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை. பல மில்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்ததன் ரகசியம் இதுதான். சில்லறையாக அளந்து வாங்கினாலும் வரி இல்லை. ஒரே லைனில் வேலை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து, பாரம்பரிய நெல் போடும் விவசாயியிடமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ ஒரு சிப்பமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் வரியும் மிச்சம், பாக்கெட் செலவும் மிச்சம். ரகம் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். கருப்புக் கவுனிக்கு இப்போது ஃபேஷன் விலை. தினச் சோற்றுக்குத் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ போதும், கவுனியைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம். தீட்டாத அரிசியில் வண்டு சீக்கிரம் வரும். பங்கு பிரித்ததும் வசம்புத் துண்டு போட்டு வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

கடலோரம் பக்கத்திலேயே இருப்பதால் மீனைப் பற்றி ஒரு வரி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது வஞ்சிரத்தைத் தேடாதீர்கள். மத்தியும் நெத்திலியும் மலிவான காலத்தில் வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டியதே இல்லை.

கடைசியாக கேன்டீன். நாளில் ஒரு வேளையாவது அங்கேதான் சாப்பிடுகிறீர்கள். வீட்டில் என்ன மிச்சம் பிடித்தாலும் அந்த வேளை உங்கள் கையில் இல்லை என்று தோன்றும். அப்படி இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் உள்ள ஆலையில் கேன்டீன் கட்டாயம் என்றது. 2020-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியது. பழைய சட்டப்படியே கேன்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருந்தார்கள், மெனு பற்றிப் பேசவும் இடம் இருந்தது. ‘ஆரோக்கிய உணவு வேண்டும்’ என்று பொதுவாக மனு எழுதினால் ஒரு கப் ஃப்ரூட் சாலட் வரும், அதோடு முடிந்தது. புதன்கிழமை காலை கேழ்வரகுக் கூழ், வெள்ளிக்கிழமை கம்பு தோசை என்று கிழமையும் பதார்த்தமும் குறிப்பிட்டு, ஒரு ஆளுக்கு எத்தனை கிராம் தானியம், அரிசிக்குப் பதில் போட்டால் செலவு என்ன என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுங்கள். கான்ட்ராக்டர் முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.