அரை அங்குலம் உயர்த்தத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது

2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போட் மோட்டாரை நம்பித் தொழில் செய்கிறவருக்கு அதன்பின் இஞ்சின் ஸ்டார்ட் ஆனால் மட்டும் போதாது, எவ்வளவு குடிக்கிறது என்பதும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டத் தெரிந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். படகையும் மோட்டாரையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர் பிடிக்க வேண்டிய இடம் அது.

முதலில் உயரம். குட்டைத் தண்டு மோட்டாருக்குப் பின்பலகை ஏறத்தாழ 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். ஆனால் படகு கட்டியவர் ஒரு அளவில் கட்டியிருப்பார், மோட்டார் வேறு அளவில் வந்து ஏறியிருக்கும். பார்க்க வேண்டியது, புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நிற்கும் தட்டை. கடையில் எல்லோரும் கவிட்டேஷன் தட்டு என்பார்கள். அது படகின் அடித்தளத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்கட்டும், அங்கிருந்து தொடங்குங்கள். அதைவிட ஆழமாக இருந்தால் மோட்டாரின் கால் தண்ணீரை உழுதுகொண்டே போகும், எண்ணெய் வீணாகும். உயர்த்த, அரை அங்குலப் பலகைத் துண்டொன்று போதும். ஒவ்வொரு முறை உயர்த்தியபின்னும் முறுக்கித் திருப்பிப் பாருங்கள். திருப்பத்தில் இஞ்சின் சட்டென்று அலறினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது, ஒரு படி இறக்க வேண்டும். குளிர்ச்சித் தண்ணீர் பீச்சுவதிலும் கண் இருக்கட்டும். அது மெலிந்தால் வேகத்தை மறந்துவிட்டு மோட்டாரைக் காப்பாற்றுங்கள்.

அடுத்தது சாய்வு. "அண்ணை, போட் துள்ளுது, பிடிக்கேலாமல் கிடக்கு" என்று ஒருவர் வந்தால் பாதி நேரம் விடை, மோட்டாரின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் சாய்வுக் கம்பியில் இருக்கும். கம்பி வெளித்துளையில் இருந்தால் அணியம் தூக்கித் தூக்கி விழும். ஒரு துளை உள்ளே மாற்றினால் அணியம் படியும். அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால் அணியம் தண்ணீரைக் குத்தி, பின்னலையில் படகு பக்கவாட்டில் இழுபடும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில மோட்டார்களில் கவிட்டேஷன் தட்டின் அடியில் ஒரு சின்னச் செதில் இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் செதிலின் பின்நுனியை வலப்பக்கம் திருப்ப வேண்டும், இடம் என்றால் இடம். ஒரு போல்ட் வேலை. இதைச் செய்யாமல் பத்து வருடம் தோள்வலியோடு ஓடுகிறவர்கள் உண்டு.

சாய்வை மாற்றியும் துள்ளல் நிற்கவில்லையென்றால் படகைக் கவிழ்க்க வேண்டியதுதான். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஐந்தடி தூரம் அடித்தளம் நேர்கோடாக இருக்க வேண்டும். நேரான அலுமினியச் சட்டமொன்றை வைத்து வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். பின்நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது பின்புறத்தைத் தூக்கி அணியத்தை அமுக்கும். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் அதற்கு நேர்மாறு, துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது. பாரத்தோடு தவறான இடத்தில் கட்டை வைத்து நிறுத்திய படகுகளில் இப்படி வளைவு விழும். 2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் வழங்கப்பட்ட பைபர் படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன, அவற்றின் அச்சையே சந்தேகிக்கலாம். தேய்த்து, பாயும் ரெசினும் வைத்து நேராக்குவது ஒருநாள் பொறுமை வேலை. ஏராவையும் கவனியுங்கள். அது புரொப்பெல்லருக்கு நேர் முன்னே பின்பலகை வரை தடிப்பாக ஓடினால் குமிழித் தண்ணீரை நேரே புரொப்பெல்லருக்கு ஊட்டும். கடைசி ஓரடியில் அதைச் சரித்துச் சீவிவிட்டாலே அலறல் அடங்கும்.

கவிட்டேஷன் தட்டில் பூட்டும் பிளாஸ்டிக் சிறகு விற்கிறார்கள். பின்புறத்தைத் தூக்கும், பாரம் ஏற்றிய படகு சீக்கிரம் மிதந்தோடும், உண்மைதான். ஆனால் உயரமும் சாய்வும் பிழையாக உள்ள படகில் அதைப் பூட்டினால் பிழை மறையுமே தவிரப் போகாது. தட்டில் துளையிட்ட இடத்தில் உப்பு பிடித்து அலுமினியம் அரிக்கும். தீவுப்பகுதியின் ஆழமற்ற கடலில் பாசியும் வலைநூலும் அதில் சுற்றும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாம் முடிந்தபின் வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் மட்டும் பூட்டுங்கள்.

புரொப்பெல்லர் கணக்கு சுருக்கம். முழு முறுக்கில் சுழற்சி, கையேடு சொல்லும் எல்லைக்குள் விழ வேண்டும். பிச் ஓர் அங்குலம் குறைந்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும். பிளக் வயரில் சுற்றி அளக்கும் மீற்றர் ஒன்று வாங்குங்கள். காதால் அளக்கிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம்.

சோதனை ஓட்டத்தில்தான் நல்ல மெக்கானிக் தெரிவார். வெறும் படகில் சரிபார்த்துக் கொடுத்துவிட்டால் வலையும் ஐஸும் ஆட்களும் ஏறியவுடன் எல்லாம் மாறிவிடும். படகுக்காரர் தொழிலுக்குப் போகும் பாரத்தை மணல் மூட்டையால் ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போகும்போதும் வரும்போதும் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் வேகம் பார்த்துச் சராசரி எடுங்கள், காற்றும் நீரோட்டமும் கழிந்துவிடும். அளந்து ஊற்றிய எண்ணெயில் எத்தனை கிலோமீற்றர் என்பதைக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். உயிர்காப்பு அங்கியும் இஞ்சினை நிறுத்தும் கயிறும் இல்லாமல் சோதனைக்கு இறங்காதீர்கள்.

மோட்டாரைத் திரும்பப் பூட்டுமுன் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் உள்ளே இருக்கும் பிளைவுட் நீர் குடித்து உளுத்திருக்கலாம், அதில் போல்ட் நிற்காது. புதுத் துளைகளின் உட்புறமெல்லாம் கடல்நீர் தாங்கும் பசை பூசுங்கள். பழைய துளைகளை ரெசினால் அடையுங்கள்.

படிக்க எங்கே போவது? இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்தில் பயிற்சிநெறிகளை விசாரியுங்கள். ஏற்கெனவே கடையில் கைபழகியவர்கள் முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசியத் தொழில் தகைமை (என்.வி.கியூ.) சான்றிதழ் பெறும் வழியைக் கேளுங்கள், வெளிநாட்டு வேலைக்கு அந்தத் தாள் உதவும். மோட்டாரோடு நிற்காமல் பைபர் வேலையும் பழக வேண்டும். 1967இல் நோர்வேக்காரரின் துணையோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தால் இங்கே படகு கட்டும் கைகளுக்கு ஒரு மரபு உண்டு.

கூலியை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள்: பூட்டும் வேலை ஒன்று, கடற்சோதனை ஒன்று. வாடைக்காற்றில் வடகரைப் படகுகள் மணலில் ஏறும்போது அடித்தள வேலைகளை எடுங்கள். சோதனையைக் கடல் அடங்கும் மாசி, பங்குனிக்குத் தள்ளி, கூலியில் ஒரு பகுதியை அதுவரை நிலுவையில் வையுங்கள்.