செசரியா வழக்கு

அன்புள்ள தங்கைக்கு,

செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் விசுவாசி வாய் திறக்கலாமா, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். விட்டுவிடு என்றுதான் பெரும்பாலும் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 21 முதல் 26 வரையிலான அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்துப் பார். முழுக்க ஒரு வழக்கின் கதை அது. புறஜாதியாரை எருசலேம் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்று தீட்டுப்படுத்தினார் என்பது பவுல்மேல் சுமத்திய பழி. லேசான பழி அல்ல. 1871இல் எருசலேமில் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு, தேவாலயத் தடுப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பிடிபடும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கிறது. பழி பிறந்த விதத்தையும் நடபடிகளை எழுதிய லூக்கா விட்டுவைக்கவில்லை. எபேசு ஊரானாகிய துரோப்பீமுவைப் பவுலோடு நகரத்தில் பார்த்தவர்கள், கோவிலுக்குள்ளும் கூட்டிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். கண்டது பாதி, ஊகம் பாதி. பல பழிகள் இப்படித்தான் உருவாகின்றன. ஆகவே உன்மேல் குற்றம் சொல்கிறவர்களை எடுத்த எடுப்பில் பொய்யர்கள் என்று முடிவு கட்டாதே.

வழக்கு செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ் முன் வந்தது. எதிர்த்தரப்புக்காகப் பேசிய தெர்த்துல்லு முகஸ்துதியில் தொடங்கி வசையில் இறங்குகிறான். பவுலின் பதில் வேறு மாதிரி. எருசலேமுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, விசாரித்துக்கொள்ளலாம் என்கிறார். கோவிலில் யாரோடும் வாதம் செய்யவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை என்கிறார். என்னைப் பிடித்த ஆசியா நாட்டு யூதர்களல்லவா இங்கே வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறார். தன் மனச்சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றபடி நாள், இடம், சாட்சி என்று யாரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய செய்திகள். அதைவிட முக்கியமானது, அவர் ஒப்புக்கொண்டது. நீங்கள் மதபேதம் என்று சொல்லும் மார்க்கத்தில்தான் இருக்கிறேன் என்கிறார். ஆலோசனைச் சங்கத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிக் குரல் எழுப்பியதையும் அவரே எடுத்துச் சொல்கிறார். செசரியா விசாரணைக்குச் சில நாள் முன்பு பிரதான ஆசாரியனைக் கடுமையாகப் பேசிவிட்டு, அவர் யாரென்று தெரிந்ததும் வேதவசனத்தைக் காட்டித் தன்னையே திருத்திக்கொண்டவர் இவர். பழியில் கலந்திருக்கும் நிஜத்தை ஒப்புக்கொள்ளாதவர் பொய்யை மறுத்தால் யார் நம்புவார்கள்? நேர்மைக்கு இங்கேதான் சோதனை என்று நான் நினைக்கிறேன்.

இயேசு மௌனமாக இருந்தாரே என்பாய். ஏரோதின் முன் இருந்தார், உண்மைதான். ஆனால் பிரதான ஆசாரியனின் வீட்டில் சேவகன் அறைந்தபோது, தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டவரும் அவரே. ஏரோதுக்கு விசாரணையில் அக்கறையில்லை; அற்புதம் ஒன்றை வேடிக்கை பார்க்க ஆசை. அந்த இடத்தில் பேசி என்ன ஆகப்போகிறது? அவர் வையப்பட்டபோது பதிலுக்கு வையவில்லை என்று பேதுரு எழுதியிருப்பதையும் சிலர் மௌனத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது வசைக்குத்தான் தடை, உண்மையைச் சொல்வதற்கு அல்ல. பவுல் காத்தது சுவிசேஷத்தை, தன் மானத்தை அல்ல என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். அதில் பாதி சரி. ஆனால் பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் ரகசியமாக வெளியே போகச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. அதிகாரிகளே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். அந்த ஊரில் லீதியாளின் வீட்டில் புதிய விசுவாசிகள் இருந்தார்கள். பவுல் ஓசையில்லாமல் போயிருந்தால் அடுத்த அடி யார்மேல் விழுந்திருக்கும்? உபாகமம் 19ஆம் அதிகாரமும் நியாயாதிபதிகள் பொய்ச்சாட்சியை நன்றாக விசாரிக்கட்டும் என்கிறது. சகித்துக்கொள் என்று பாதிக்கப்பட்டவனுக்குச் சொல்லவில்லை. மன்னிப்பதற்கும் நடந்தது இன்னதென்று தெரிந்தாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் உடனே விடுதலை என்று மட்டும் எண்ணிவிடாதே. பேலிக்ஸ் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அடிக்கடி அழைத்துப் பேசினான்; பணம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பதவியிலிருந்து போகும்போதும் பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான். அடுத்து வந்த பெஸ்து வழக்கை எருசலேமுக்கு மாற்றப் பார்த்ததால் பவுல் ரோமப் பேரரசனாகிய இராயனுக்கு அபயமிட்டார். அபயமிடாதிருந்தால் விடுதலையாகியிருக்கலாம் என்று அகிரிப்பா ராஜா பிறகு சொன்னான். நியாயமான வழி சில சமயம் சுற்றுவழியாகவும் இருக்கிறது.

உன் பதிலை விசாரிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு எழுது. வாட்ஸப் குழுவில் எழுதாதே. அது ஏரோதின் அரண்மனை. நாள், இடம், உடன் இருந்தவர்கள் மூன்றையும் குறிப்பிடு. உன் பக்கம் தவறு ஏதும் இருந்தால் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடு. எதிராளியின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்