ஒலியை விழுங்கும் பொருளும் தடுக்கும் பொருளும்

சென்ற ஆண்டு எனக்குப் பொதுத்தேர்வு. அடுத்த அறையில் தம்பிக்கு மிருதங்கப் பயிற்சி. இரண்டையும் நிறுத்த இயலாது. அப்பா தெர்மகோல் அட்டைகளை வாங்கி வந்து இடைச்சுவர் முழுவதும் ஒட்டினார். அன்று மாலையும் என் கணக்குப் புத்தகத்தின்மேல் ‘தத்தித்தொம்நம்’ விழுந்துகொண்டேதான் இருந்தது.

தவறு எங்கே? தோழியரே, ஒலியை விழுங்குவது வேறு, தடுப்பது வேறு.

விழுங்குதலை அளந்து கணக்கிட்டு வழிகாட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசிய சொல் ஐந்தரை விநாடி வரை முழங்கி, பின்வரும் சொற்களோடு கலந்து குழம்பிற்று. சபைன் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பியாக வேண்டும்! மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. பஞ்சு, தேங்காய்நார், கம்பளி போன்றவற்றின் நுண்ணிய இடைவெளிகளில் புகும் ஒலி உராய்ந்து வெப்பமாகிறது. தெர்மகோலின் கண்ணறைகளோ மூடியவை; காற்று உட்புகாது. எனவே விழுங்குவதிலும் அது மட்டமே.

மெத்தையால் அறைக்குள் முழக்கம் அடங்குமே தவிர, அடுத்த அறைக்குச் செல்லும் ஒலி நிற்காது. அதற்கு வேண்டியது கனம். சுவர் தானே அதிர்ந்துதான் ஒலியை அப்பால் விடுகிறது. கனத்த சுவர் எளிதில் அதிராது. எடையை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது கணக்கு. பெரும்பாலும் காற்றேயான தெர்மகோல் சுவருக்கு என்ன எடையைக் கூட்டிவிடும்? இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கற்சுவர் சுமார் 50 டெசிபலைத் தடுக்கும். எங்கள் சுவரும் அத்தகையதே.

அப்படியானால் ஒலி வந்த வழி? அண்ணாந்து பார்த்தபோது தெரிந்தது: சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர்! சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமாயினும், மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது. இதை முதலில் பார்த்திருந்தால் தெர்மகோல் பணம் மிஞ்சியிருக்கும்.

காற்றுக்கு ஜன்னல் இருந்ததால், கொத்தனார் வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். இரு அறைக் கதவுகளின் அடியிலும் ரப்பர் பட்டை அடித்தோம். தம்பியின் பாய்க்கடியில் அம்மா தடித்த கயிற்று மிதியடியை விரித்தார். தரைவழி அதிர்வு அதனால் சற்றுக் குறையும்.

மறுநாள் ‘நம்’ என் காதில் விழவில்லை. இடந்தலையின் ‘தொம்’ மட்டும் இலேசாக வந்தது. தாழ்ந்த சுருதி ஒலியைத் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.