இருபத்தேழு படமா, ஆறாயிரம் படமா?

கேள்வி: அன்றாடம் படமெடுக்க, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஃபிலிம் கேமரா வாங்கலாமா? வீட்டிலுள்ள பழைய டிஜிட்டல் கேமராவுக்கு மெமரி கார்டு போட்டால் போதுமா?
– வாசகர், மணிமுத்தாறு

பதில்: கார்டே வாங்குங்கள். ஃபியூஜிஃபிலிம் 1986-இல் கொண்டுவந்த அந்த வகைக் கேமராவில் பெரும்பாலும் 27 படம்தான். லென்ஸ் துளை, ஷட்டர் வேகம் எதையும் மாற்ற முடியாது. உச்சிவெயிலில் உங்கள் ஊர் அணைக்கரையும் நீர்ப்பரப்பும் பளிச்சென்று விழும்; மாஞ்சோலைச் சாலையில் மரநிழல் கவிந்தால் படம் கறுத்துவிடும், ஃபிளாஷ் வெளிச்சமோ சுமார் மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. அதன்பின் ஃபிலிம் கழுவும் லேபைத் தேட வேண்டும். ‘எண்ணி எடுப்பதில்தானே ருசி?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை டிஜிட்டலிலும் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாமே!

‘கார்டு கெட்டால் எல்லாம் போச்சே’ என்பதுதான் வலுவான மறுப்பு. அதனால்தான் 64 ஜிபி ஒன்றைவிட 32 ஜிபி இரண்டு மேல். படம் 5 எம்பி என்றால் ஒவ்வொன்றிலும் ஆறாயிரத்துக்கு மேல் கொள்ளும். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, கையேட்டைப் பாருங்கள். கார்டின் மேல் ‘சி’ வளையத்துக்குள் 10 இருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். அன்றாடப் படத்துக்கு அது தாராளம். போலிக் கார்டு 32 என்று காட்டிவிட்டு, பாதியிலேயே பழைய படங்களை விழுங்கும். ரசீதோடு வாங்கி, முதல் நாளே முழுக்க நிரப்பி, கடைசிப் படம்வரை திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.